பாமாயிலும் சோயா எண்ணெயும், நடுவில் ஒரு இதயமும்

மொரீஷியஸில் அரசாங்கம் மலிவு விலையில் கொடுத்துவந்த ரேஷன் எண்ணெய் ஒரு காலத்தில் பெரும்பாலும் பாமாயில்தான். 1987-ல் இங்கே பெரிய மருத்துவக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால் மூன்றுமே கவலைப்படும் அளவில் இருந்தன. அதையொட்டி வந்த திட்டத்தில் ரேஷன் எண்ணெயை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றிவிட்டார்கள். 1992-ல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. தமிழ்நாட்டு லேப் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 213-லிருந்து 182. அந்த இறக்கத்தில் சுமார் பாதியை எண்ணெய் மாற்றத்தை வைத்தே விளக்கிவிடலாம் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஒரு தேசமே ஒரு மாத்திரையும் போடாமல் இவ்வளவு கொலஸ்ட்ராலைக் குறைத்தது சாதாரண விஷயம் இல்லை.

நான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவள். ரோஸ் ஹில்லில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறேன் (இங்கே காலேஜ் என்றால் நம்மூர் மேல்நிலைப் பள்ளி). இந்த எண்ணெய்க் கதையை முதலில் படித்தபோது எனக்குள் இருந்த கெமிஸ்ட்ரி டீச்சருக்கு இடித்தது. சோயா எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலியிக் அமிலம். இரட்டைப் பிணைப்புகள் நிறைந்தது. காற்றும் சூடும் பட்டால் சீக்கிரம் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும். பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்), அவ்வளவு எளிதில் கெடாது. சுத்திகரிக்காத சிவப்புப் பாமாயில் என்றால் கரோட்டினும் வைட்டமின் ஈ வகைகளும் ஏராளம். ஆக்சிஜனேற்றம்தான் இதயத்துக்கு எமன், அதைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான் காவல் என்று மருந்துக்கடை நோட்டீஸ்கள் சொல்வது அப்படியே உண்மையென்றால், பாமாயிலை விட்டு சோயாவுக்குப் போன தீவு இன்னும் மோசமாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு.

இந்த முரண்பாட்டை வைத்துக்கொண்டே ஆன்டிஆக்ஸிடன்ட் பேச்சை ஒரு தடவை நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. வீட்டிலும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில், ஆக்சிஜனேற்றம் பொய்யில்லை. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதற்குத் தேவையான ஆற்றலைச் செய்துதர, இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேரவேண்டும். வழியில் சில எலெக்ட்ரான்கள் தப்பி ஆக்சிஜனில் தனியாக ஒட்டிக்கொள்ளும். அப்படிப் பிறப்பதுதான் சூப்பராக்சைடு. ஜோடி இல்லாத எலெக்ட்ரானோடு திரியும் இந்த மாதிரி மூலக்கூறுகளைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் இல்லை, ரத்தக்குழாய்ச் சுவரிலேயே சூப்பராக்சைடு தயாரிக்கும் என்சைம் இருக்கிறது. பிபியை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோன் அந்த என்சைமைத் தூண்டிவிடும். ரத்த அழுத்தத்துக்கும் ஆக்சிஜனேற்றத்துக்கும் அப்படி ஒரு உறவு.

சூப்பராக்சைடு செய்யும் முதல் கெடுதல், ரத்தக்குழாயைத் தளரவைக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துத் தின்றுவிடுவது. நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் கிடைத்தது. இரண்டும் சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் என்று இன்னும் முரட்டுத்தனமான ஒன்று உருவாகும். குழாய் தளரவும் முடியாது, சுவரும் புண்ணாகும்.

இரண்டாவது கெடுதல் எல்டிஎல் வழியாக. கெட்ட கொழுப்பு என்று நாம் திட்டும் எல்டிஎல் துகள் குழாய்ச் சுவருக்குள் நுழைந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். சாதாரண எல்டிஎல்லை அங்கிருக்கும் வெள்ளை அணுக்கள் அளவோடுதான் எடுத்துக்கொள்ளும். ஆனால் ரசாயன மாற்றம் அடைந்த எல்டிஎல்லைக் கண்டால் கட்டுப்பாடே இல்லாமல் விழுங்கும் என்று பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1979-ல் காட்டினார்கள். உடம்புக்குள் அந்த மாற்றத்தைச் செய்வது ஆக்சிஜனேற்றம்தான் என்ற கருத்தை டேனியல் ஸ்டைன்பெர்க்கும் அவர் சகாக்களும் எண்பதுகளில் வளர்த்தெடுத்தார்கள். விழுங்கி விழுங்கிக் கொழுப்பால் வீங்கிய அணுக்கள் அங்கேயே தங்கும், சாகும். மேலே நார் படரும், சுண்ணாம்பு படியும். என்றைக்கோ ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து மேலே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

இது இவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் அடுத்த வாதமும் அவ்வளவு சுலபமாக வந்தது. ஆக்சிஜனேற்றம் கெடுக்கிறது, வைட்டமின் ஈ ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும், ஆகவே வைட்டமின் ஈ மாரடைப்பைத் தடுக்கும். 1993-ல் அமெரிக்க நர்ஸுகளையும் ஆண் மருத்துவத் துறையினரையும் வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றாக வந்தன. வைட்டமின் ஈ மாத்திரை போட்டுக்கொண்டவர்களுக்கு இதய நோய் குறைவு என்றன. மாத்திரை வாங்கிச் சாப்பிடும் வழக்கமுள்ளவர்கள் பெரும்பாலும் புகை பிடிக்காதவர்கள், நடப்பவர்கள், காய்கறி தின்பவர்கள். இந்த ஓட்டையை எவ்வளவு புள்ளியியல் போட்டும் முழுக்க அடைக்க முடியாது. 1996-ல் கேம்பிரிட்ஜில் 2002 இதய நோயாளிகளை வைத்து நடந்த சோதனை மாரடைப்பு 77 சதவீதம் குறைந்தது என்றதும் எல்லோரும் துள்ளினார்கள். அது உயிர் தப்பிய மாரடைப்புகளின் கணக்கு. இதயச் சாவு குறையவில்லை என்று அதே கட்டுரையில் இருந்தது. அதை யார் படித்தார்கள்!

வீட்டுக் காரணம் என்றேனே, அது இதுதான். என் மாமனாருக்கு ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாமாவுக்குத் தேவாரம் மனப்பாடம், பேச்சுத் தமிழ் கொஞ்சம்தான். நான் தமிழில் கேட்பேன், அவர் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் புரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின், பிபி மாத்திரை என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். பக்கத்துத் தீவான ரியூனியனில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தபோது கையோடு ஒரு டப்பா கொண்டுவந்தார்கள். பொன்னிற எண்ணெய் தளும்பும் ஜெலட்டின் காப்ஸ்யூல், வைட்டமின் ஈ 400 யூனிட். அட்டையில் ஒரு இதயப் படம். சில வாரத்தில் அலமாரியைத் துடைக்கும்போது பார்க்கிறேன், காப்ஸ்யூல் டப்பா முக்கால்வாசி காலி, ஸ்டாட்டின் அட்டை அப்படியே நிறைந்திருக்கிறது.

“மாமா, இதை ஏன் போடலை?” என்றேன்.

அது கெமிக்கல், இது இயற்கை என்றார். கால் வலிக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் மாமனாரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துக் காட்டினேன். டிஎல்-ஆல்ஃபா-டோகோஃபெரில் அசிடேட். ஆலையில் செய்த செயற்கை வைட்டமின் ஈ. அதோடு அசிடேட் தொங்கிக்கொண்டிருக்கும்வரை அது ஆன்டிஆக்ஸிடன்டே இல்லை. டப்பாவில் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே, ஆக்சிஜனோடு வினைபுரியும் முனையை அசிடேட் வைத்து மூடியிருப்பார்கள். குடலில் அந்த மூடி கழன்ற பிறகுதான் வேலை செய்யும். செயற்கை வகையில் 400 யூனிட் என்றால் உடம்புக்குப் பயன்படும் கணக்கில் 180 மில்லிகிராம். ஒரு நாளைக்கு வேண்டியது 15 மில்லிகிராம். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இயற்கை என்று எழுதியிருக்கிறதே என்றார். எழுதியிருந்தது, முன்பக்கத்தில், இலைப் படத்துக்குக் கீழே.

சரி, செயற்கையோ இயற்கையோ, பலன் உண்டா இல்லையா என்பதுதானே கேள்வி. அதற்குப் பெரிய பெரிய சோதனைகள் நடந்திருக்கின்றன. பாதிப் பேருக்கு வைட்டமின், பாதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரை, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனை 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் வாங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. குறையும் என்று எதிர்பார்த்து இறங்கிய சோதனை அது. அமெரிக்காவில் இதே கரோட்டினை வைத்து நடந்த இன்னொரு சோதனையில் புற்றுநோய் 28 சதவீதம் கூடியது, 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ-க்கு வந்தால், 2000-ல் வெளியான ஹோப் சோதனையில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர், தினம் அதே 400 யூனிட், பலன் பூஜ்யம். ஆனால் அதே சோதனையில் ராமிப்ரில் என்ற பிபி மாத்திரை மாரடைப்பையும் சாவையும் தெளிவாகக் குறைத்தது. அவர்களையே மேலும் சில வருடம் தொடர்ந்தபோது வைட்டமின் ஈ வாங்கியவர்களிடம் இதயச் செயலிழப்பு சற்றுக் கூடியிருந்தது என்று 2005-ல் எழுதினார்கள்.

என் மாமனாருக்காகவே நடத்தியது போன்ற சோதனை ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 20,536 பேர். வைட்டமின் ஈ 600 மில்லிகிராம், வைட்டமின் சி 250, பீட்டா கரோட்டின் 20, மூன்றும் சேர்த்து ஐந்து வருடம். ரத்தத்தில் வைட்டமின் அளவு நன்றாக ஏறியது. மாரடைப்பு, பக்கவாதம், சாவு எதிலும் எந்த மாற்றமும் இல்லை. அதே சோதனையில் அதே மக்களிடம் சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை பெரிய மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. 2002-ல் வந்த முடிவு. ஒரே ஊர், ஒரே மனிதர்கள், ஒரே ஐந்து வருடம். ஒரு அட்டை வேலை செய்தது, இன்னொன்று செய்யவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? 2022-ல் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, இதய நோயையோ புற்றுநோயையோ தடுப்பதற்கென்று வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் இரண்டும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

ஏன் தோற்றது என்பதுதான் எனக்கு ருசியான பகுதி.

உடம்பு ஆன்டிஆக்ஸிடன்டுக்காகக் கடைக்குப் போய் நிற்கும் நிலையில் இல்லை. அதற்குச் சொந்தமாகவே ஏற்பாடு இருக்கிறது. சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்சைமை மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-ல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெராக்சைடைக் கேட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் தண்ணீராக்கிவிடும். இந்தக் கடைசி என்சைமுக்கு செலினியம் வேண்டும். சீனாவில் மண்ணிலேயே செலினியம் மிகக் குறைவாக இருந்த கெஷான் வட்டாரத்தில் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இதயத் தசையே தளர்ந்துபோகும் நோய் வந்ததற்கு அந்தக் குறைபாடு முக்கியக் காரணம். செலினியம் கொடுத்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது. குறை இருப்பவருக்குக் கொடுத்தால் பலன் உண்டு. குறையே இல்லாதவருக்கு மேலே மேலே ஊற்றுவதால் அதே பலன் வராது. என்சைம் ஒன்று ஒரு நொடியில் லட்சக்கணக்கான மூலக்கூறுகளைக் கவனித்து அனுப்பும். வைட்டமின் ஈ மூலக்கூறோ ஒரு ராடிக்கலைத் தீர்த்ததும் தானே அரை ராடிக்கலாக நிற்கும். அதை வைட்டமின் சி மீட்க வேண்டும், சி-யைக் குளூட்டாதயோன் மீட்க வேண்டும், அதை இன்னொன்று. கந்துவட்டிக்காரனுக்குக் கட்ட இன்னொருவனிடம் கைமாற்று வாங்குகிற கதைதான். சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் மலையாகக் குவித்தால் கடன் தீராது. மீட்க ஆளில்லாத நிலையில் எல்டிஎல் துகளுக்குள் மாட்டிய வைட்டமின் ஈ தானே ஆக்சிஜனேற்றத்தை மேலே கொண்டுபோகும் என்றும் சோதனைக் குழாயில் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்து, இந்த ராடிக்கல்கள் முழு எதிரிகளும் இல்லை. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதே சூப்பராக்சைடையும் அதிலிருந்து செய்யும் பொருள்களையும் வைத்துத்தான். சூப்பராக்சைடு தயாரிக்கும் என்சைம் பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் அடுத்தடுத்துக் கடும் தொற்றில் விழுவார்கள். பெராக்சைடு செல்லுக்குள் சேதி சொல்லும் பொருளும்கூட. எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும் என்ற ஆசையே தப்பு. ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ என்ற பெயரை 1985-ல் கொடுத்த ஹெல்முட் ஸீஸ் அதை ஒரு சமநிலை குலைவு என்றுதான் விளக்கினார். நோட்டீஸ் அடிப்பவர்கள் சமநிலையை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று காலம். குழாய்ச் சுவரில் படிவு இளம் வயதிலேயே தொடங்கிவிடும். அறுபது வயதில், ஸ்டென்ட் வைத்த பிறகு, ஆக்சிஜனேற்றத்தின் முதல் படியைத் தடுக்கிறேன் என்று போனால் பஸ் போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். சோயா எண்ணெய் ஆக்சிஜனேற்றத்துக்கு இளகியது என்றாலும், நிறைகொழுப்பு குறைந்ததால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அதிகம் உள்ளே இழுத்தது. சுவரில் மாட்டிக்கொள்ளும் துகளின் எண்ணிக்கையே குறைந்தால், ஆக்சிஜனேற்றம் கெடுக்கப் பொருளும் குறைவு. ஸ்டாட்டின் செய்வதும் இதைத்தான். ஆக, கொளுத்தப்படும் பொருளைக் குறைத்தவர்கள் ஜெயித்தார்கள். அதுதான் என் புரிதல். ஒரு விஷயத்தையும் ஒளிக்கக் கூடாது, 1987-க்கும் 1992-க்கும் இடையில் இங்கே ஆண்களிடம் புகைப் பழக்கம் 58 சதவீதத்திலிருந்து 47-க்கு வந்ததும் அதே திட்டத்தின் காலத்தில்தான். எடை குறையவில்லை, கூடியது. சர்க்கரை நோயும் இறங்கவில்லை, இன்றைக்கும் இங்கே பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது.

ஆனால் சோயாவின் அந்த இளகிய குணம் ஒரு இடத்தில் பழிவாங்கும். வாணலியில்.

காலையில் பஸ் நிலையத்துப் பக்கம் கடலைப்பருப்பு வடை மாதிரி சின்னச் சின்னதாக உருட்டிப் பொரித்த காத்தோ பிமா விற்பார்கள். உடைத்த மஞ்சள் பட்டாணியை ஊறவைத்து அரைத்து, பச்சைமிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி போட்டுச் செய்வது. சூடான ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி நடுவில் வைத்து நசுக்கித் தின்பதுதான் பாதித் தீவின் காலைச் சாப்பாடு. எனக்கும் உயிர். நான் வழக்கமாக வாங்கும் தாந்தினின் (கிரியோலில் அத்தை) வாணலியை ஒரு நாள் நின்று கவனித்தேன். விளிம்பைச் சுற்றிப் பழுப்பாகக் கோந்து மாதிரி ஒட்டியிருந்தது, விரலால் தொட்டால் இழுக்கும். புது எண்ணெயில் வடையைப் போட்டால் பெரிய குமிழ் எழும்பி உடனே உடைந்துவிடும். பழைய எண்ணெயில் பொடிப்பொடியாக நுரைத்து, நுரை அப்படியே நிற்கும். வாசனையில் லேசாகத் தொண்டையைக் கரகரக்கவைக்கும் ஒரு காரம், மிளகாய்க் காரம் இல்லை. அது எண்ணெய் உடைந்து வரும் ஆல்டிஹைடுகளின் வேலை. 170, 180 டிகிரி சூட்டில் இரட்டைப் பிணைப்புகள் உடைந்து இந்தச் சரக்கெல்லாம் உருவாகும், வடை அதை உறிஞ்சிக்கொள்ளும்.

எண்ணெயை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன். மாற்றுவதாவது, குறையக் குறைய மேலே ஊற்றுவேன் என்றார். எல்லோரும் அப்படித்தான், என் அம்மாவும் தீபாவளி எண்ணெயைக் கார்த்திகை வரை இழுத்துவிடுவார். பழைய எண்ணெயில் இருக்கும் பெராக்சைடுகள் புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுத்துவிடும். மலேசியாவில் எலிகளுக்குப் பலமுறை சூடாக்கிய பாமாயிலும் சோயா எண்ணெயும் கொடுத்துப் பார்த்தபோது இரண்டிலுமே ரத்த அழுத்தம் ஏறியது. எலி மனிதனில்லை, வாஸ்தவம். ஆனாலும் இந்தியாவில் பொரித்த எண்ணெயில், எண்ணெய் கெடும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018-லிருந்து விதி வைத்திருப்பது சும்மா இல்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் காப்ஸ்யூலுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு லிட்டர் புது எண்ணெய் வாங்கினால் குடும்பத்துக்கே நல்லது என்பது என் கட்சி.

சிகரெட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு இழுப்பும் ஃப்ரீ ராடிக்கல்களை நேரடியாக உள்ளே கொட்டுகிறது. புகைபிடிப்பவருக்குத் தினம் 35 மில்லிகிராம் வைட்டமின் சி கூடுதலாக வேண்டும் என்று ஊட்டச்சத்துக் கணக்கிலேயே எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸ் இந்த விஷயத்தில் தலை நிமிர்ந்து நிற்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் புகையிலைக் கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் அத்தனையையும் உச்ச அளவில் நிறைவேற்றிய நாடுகள் என்று 2023-ல் எண்ணியபோது நான்கே நாடுகள் இருந்தன, அதில் இந்தச் சின்னத் தீவும் ஒன்று.

தேநீருக்கு வருகிறேன், இது இல்லாமல் இங்கே பேச்சு முடியாது. தெற்கே புவா செரி மலைச்சரிவில் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கிருந்து வரும் வனிலா மணக்கும் தேத்தூளைப் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிட்டால் தெரு முழுக்க மணக்கும். மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் தீஷன் பஹோருன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு உள்ளூர்க் கறுப்புத் தேநீரை வைத்தே சோதனை செய்தது. தினம் மூன்று கோப்பை, 12 வாரம். ரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் கூடி, ட்ரைகிளிசரைடு குறைந்தது என்று எழுதினார்கள். நல்ல சேதிதான், ஆனால் சின்ன ஆய்வு. அளந்தது ரத்தத்தில் உள்ள குறியீடுகளை, மாரடைப்புகளை இல்லை. தவிர, அவர்கள் குடித்தது பாலும் சர்க்கரையும் போடாத தேநீர். 2007-ல் பெர்லினில் 16 பெண்களைக் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். வெறும் கறுப்புத் தேநீர் ரத்தக்குழாயை விரியவைத்தது, பால் சேர்த்ததும் அந்தப் பலன் காணாமல் போனது. பதினாறே பேர் என்பதால் நான் இதை வேதவாக்காக எடுக்கவில்லை. வனிலாத் தேநீரில் பாலை விட மனசில்லை, சர்க்கரையை விட்டுவிட்டேன்.

எந்தக் காயில் எத்தனை ஆன்டிஆக்ஸிடன்ட் யூனிட் என்று பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதன் மூலம் அமெரிக்க விவசாயத் துறை வைத்திருந்த ஒரு பட்டியல். சோதனைக் குழாயில் வரும் அந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை, விளம்பரக்காரர்கள் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்று சொல்லி 2012-ல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். பட்டியல் இன்னும் சுற்றுகிறது.

அப்படியானால் காயும் கீரையும் வீணா என்றால் இல்லவே இல்லை. காவடிக்குப் பிறகு கோயிலில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுவார்கள், கூடவே ரசம். இங்கே ராசோன் என்பார்கள். வீட்டில் மாமியார் வாரத்தில் பாதி நாள் முருங்கைக்கீரையைத் தண்ணீராக வேகவைத்து, பூண்டு தட்டிப் போட்டு, ப்ரெட் முரும் என்று சோற்றுக்கு ஊற்றுவார். அதில் பொட்டாசியம் இருக்கிறது, பிபிக்கு நல்லது. கீரைகளில் இருக்கும் நைட்ரேட்டிலிருந்து உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்ளும். நார் இருக்கிறது. தட்டில் அந்த இடத்தில் பொரித்த ஒன்று வராமல் போகிறது, அதுவும் ஒரு லாபம். இத்தனையும் சேர்ந்து செய்யும் வேலையை ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று ஒரு பெயரில் அடைத்து, அந்தப் பெயரை மட்டும் காப்ஸ்யூலில் போட்டதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். ஒரு எச்சரிக்கை, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும். அதிக அளவு வைட்டமின் ஈ அவர்களுக்கு ரத்தக்கசிவையும் கூட்டும். டாக்டரிடம் காப்ஸ்யூலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அது மருந்தில்லை என்று நினைத்துப் பலர் சொல்வதில்லை.

மாமா அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போனபோது டப்பாவையும் பையில் போட்டு அனுப்பினேன். டாக்டர் காப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லி, கால் வலிக்காக ஸ்டாட்டினை வேறு வகைக்கு, குறைந்த அளவுக்கு மாற்றிக் கொடுத்தார். வலி போய்விட்டது, மாத்திரையும் இப்போது உள்ளே போகிறது. மிச்சமிருந்த காப்ஸ்யூல்களை மாமியார் ஊசியால் குத்தி முழங்காலில் தடவிக்கொண்டார், வீணாக்க மனமில்லை.

வீட்டில் இன்னும் ஒரு வழக்கு பாக்கி. நாத்தனார் மகன் ஜிம்முக்குப் போகிறான். தண்ணீரில் போட்டால் பொங்கும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைக் குடித்துவிட்டுத்தான் ஓடுவான், ஆக்சிடேஷன் ஆகாதாம். ஜெர்மனியில் சுமார் 40 இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு இதே 1000 மில்லிகிராம் சி-யும் 400 யூனிட் ஈ-யும் கொடுத்த ஆய்வு 2009-ல் வந்ததை அவனிடம் சொன்னேன். மாத்திரை இல்லாதவர்களிடம் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, உடம்பின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்களும் கூடின. மாத்திரை போட்டவர்களிடம் இரண்டும் நடக்கவில்லை. ஓட்டத்தில் பிறக்கும் கொஞ்சம் ராடிக்கல்தான் உடம்பை உசுப்பிவிடுகிறது, அதை அணைத்துவிட்டால் பயிற்சியின் பலனில் ஒரு பங்கு போய்விடும் என்பது அவர்கள் விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். “அத்தை, எனக்கு அந்த ஆரஞ்சு டேஸ்ட் பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு இன்னொரு மாத்திரையைத் தம்ளரில் போட்டான்.